பெயரை மறைத்துத் தரவும்

"மனுவைக் குடுத்துட்டு, எழுதுனவங்க பேரை மட்டும் ஏன் மேடம் கறுப்பு மையால அழிச்சிருக்கிய?" என்று கேட்டாள் லிண்டா.

அவள் ஆசிரியை. தினமும் உவரியிலிருந்து விக்கிரமசிங்கபுரம் வரை பஸ்ஸில் போய் வந்தவளுக்கு, யாரோ தட்டச்சு செய்து அனுப்பிய மனுவால் வீட்டருகே மாறுதல் கிடைத்திருந்தது. அந்த மனுவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியிருந்தாள்.

"அது மூணாம் நபரோட விவரம்மா. கடிதம் போட்டுக் கேட்டோம். பேரைச் சொல்லக் கூடாதுன்னு எழுதிட்டாங்க" என்றார் தகவல் அலுவலர் ராஜராஜேஸ்வரி.

"கைப்பிள்ளைய விட்டுட்டு அழுதுக்கிட்டே பஸ் ஏறுனவ நான். அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும் மேடம்."

"நான் சொல்லிருதேன்மா."

லிண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ராஜராஜேஸ்வரி கோப்பிலிருந்த மறுப்புக் கடிதத்தை மறுபடியும் படித்தார்.

'அம்மா, லிண்டா என் மருமகள். தினமும் என்னோடு சண்டை போடுவாள். மனு எழுதியது நான்தான் என்று தெரிந்தால் சண்டையை நிறுத்திவிடுவாள். மகன் கப்பலில் இருக்கிறான். அவள் சத்தமும் இல்லையென்றால் எனக்கு அந்த வீட்டில் இருப்புக் கொள்ளாது. இப்படிக்கு, மார்கரெட்.'