முறிந்த முகம்

மேசையில் இரண்டு மைக்ராஸ்கோப்புகள். ஒன்றைத்தான் வாங்க வேண்டும்.

அவன் சட்டைப்பைக்குள் கைவிட்டான்.

“உங்க சாம்பிளையே வச்சுப் பாருங்க சார்” என்றார் விற்க வந்த ரொசாரியோ. “நான் கொண்டாந்த சாம்பிள்ல எல்லாமே அழகாத்தான் தெரியும்.”

எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தான். ஒடிந்த போல்ட். அரை விரல் நீளம்.

“எந்தப் பம்ப்போடது சார்?”

அவன் காகிதத்தை மடித்து வைத்தான்.

பம்ப்பினுடையது இல்லை. அவன் மனைவியின் ஸ்கூட்டரில் பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிரேக் ஷூ மாற்றியது அவன். அந்த போல்ட்டைக் கடைசியாக முறுக்கியதும் அவன். இறுகிய பிறகும் ஸ்பேனரை இன்னொரு இழுப்பு இழுத்தான். அவள் ஓட்டுகிற வண்டி. கழன்றுவிடக் கூடாது.

அடுத்த மாதம் ஒரு லாரி அவளுக்குக் குறுக்கே திரும்பியது.

நொறுங்கிய வண்டியைக் காட்டிய மெக்கானிக் இதை மட்டும் தனியாக அவன் கையில் வைத்தார். பிரேக் போல்ட் ஒடிந்து கிடந்தது என்று அவனிடமும் மாமனாரிடமும் சொன்னார்.

போல்ட் ஒடிந்ததால் மோதினாளா? மோதியதால் போல்ட் ஒடிந்ததா?

வேறு யாரும் கேட்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

உலோகம் சொல்லிவிடும். அதைக் கேட்டு எழுதுவதுதான் அவன் வேலை. கோவையின் வார்ப்பாலைகளிலிருந்து ஒடிந்த துண்டுகள் வரும். ஏன் ஒடிந்தது என்று எழுதித் தருவான்.

அளவுக்கு மீறி முறுக்கிய போல்ட்டில் முதலில் ஒரு கீறல் விழும். பிரேக் பிடிக்கப் பிடிக்க மயிரளவு வளரும். வளர்ந்த தடம் வளைந்த வரிகளாக நிற்கும், அலை வந்து போன மணலைப் போல.

ஒரே அடியில் ஒடிந்திருந்தால் வரிகள் இருக்காது.

ஆய்வகத்தில் இருந்த பழைய மைக்ராஸ்கோப்புக்கு எதையும் அறுத்து, தேய்த்து, கண்ணாடியாக்கித் தர வேண்டும். தேய்த்தால் ஒடிந்த இடத்தின் பரப்பு, அந்த முறிந்த முகம், அழிந்துவிடும். கைலென்ஸில் பார்த்தான். ஒரு நாள் வரிகள் தெரிந்தன. மறுநாள் தெரியவில்லை.

முதல் மைக்ராஸ்கோப்பில் வைத்தான். விலை கூடியது. கேமரா உண்டு. லென்ஸைச் சுற்றி வளையமாக விளக்கு.

உடன் வேலை செய்யும் பர்வீன் எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க இது, கல்யாண மண்டபத்து லைட்டாட்டம்?”

“நிழலே விழாதுங்க மேடம்.” ரொசாரியோவுக்குப் பெருமை.

நிழல் இல்லை. அதனால் மேடு இல்லை, பள்ளம் இல்லை. வெறும் சாம்பல் நிற வட்டம்.

ஓரத்தில் மட்டும் ஒரு கோடு. வளைந்த கோடு.

குண்டூசியால் தொட்டுப் பார்க்க நினைத்தான். லென்ஸ் மிகவும் கீழே இறங்கியிருந்தது. ஊசியைச் சாய்க்கக்கூட இடமில்லை.

இரண்டாவதற்கு மாற்றினான்.

இதில் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஆனால் லென்ஸுக்குக் கீழே கை நுழையும். விளக்கு தனி. கழுத்தை வளைத்து எந்தப் பக்கமும் வைக்கலாம்.

கண்வைக்கும் குழல்களை விலக்கினான். நெருக்கினான். இரண்டு வட்டங்கள் ஒன்றாயின.

விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்தான்.

மலைகள் எழுந்து நின்றன.

கரடு. முழுக்கக் கரடு. விளிம்பில் சாய்வாகக் கிழிந்த உதடு.

அந்தக் கோடும் இருந்தது.

விளக்கை இடப்பக்கம் கொண்டுபோனான். இருந்தது.

வலப்பக்கம். இருந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு ஊசி முனையால் தொட்டான்.

நகர்ந்தது.

நூல். எப்போதோ துடைத்த துணியின் நூல்.

அவன் கண்ணை எடுக்கவில்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வரி எதுவும் இல்லை. தனக்கு வேண்டியதுதான் தெரிகிறதோ என்னவோ. எழுந்து நாற்காலியைப் பர்வீன் பக்கம் தள்ளினான். எதன் போல்ட் என்று சொல்லவில்லை.

அவள் நிதானமாகப் பார்த்தாள். விளக்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள்.

“வரியே இல்லீங்களே சார். கீறலும் இல்ல. ஒரே அடி, பொட்டுனு போயிருக்கு. அது வரைக்கும் நல்ல போல்ட்டு.” சிரித்தாள். “எதுலீங்க மோதுச்சு, லாரியிலயா?”

பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“எது சார் ஓகே?” என்று கேட்டார் ரொசாரியோ.

“ரெண்டாவது.”

வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். பசித்தது. பசிக்கிறது என்று தெரிந்ததே வியப்பாக இருந்தது.

உடுமலையிலிருக்கும் மாமனாரை போனில் அழைத்தான். அவளுடைய காரியம் முடிந்த பிறகு அவரிடம் பேசவே இல்லை. அவர் அழைத்தபோதெல்லாம் மணி அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருப்பான். பிரேக்கைக் கழற்றி மாட்டியது யாரென்று கேட்டுவிடுவார் என்று பயம்.

“மாப்ளைங்களா?”

அவன் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“எம்மேல கோவம் இருக்குமுங்க. இருக்கத்தான் செய்யும். பஸ்ல போகட்டும்னு உங்க அத்தை தலபாடா அடிச்சுக்கிட்டா. நாந்தான் கேக்காம வாங்கிக் குடுத்தேன். பிரேக்கு புடிக்காத வண்டியப் போயி எம் புள்ளைக்கு வாங்கிக் குடுத்துட்டனுங்களே.”

இத்தனை நாளும் அவர் கேட்க அழைக்கவில்லை. சொல்ல அழைத்திருக்கிறார்.

“பிரேக் நல்லாத்தான் இருந்துச்சுங்க மாமா. போல்ட்டு லாரி மோதினப்பத்தான் ஒடஞ்சிருக்கு. நான் பாத்துட்டேன்.”

 

“நல்லாப் பாத்தீங்களா?”

“ரெண்டு கண்ணாலயும் பாத்தேனுங்க.”

அவர் போனைக் காதிலிருந்து இறக்கியது தெரிந்தது. வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

“மயிலாத்தா! சித்தெ இங்க வா.”