மயிலைக் காளையின் கடைசிக் குச்சிகள்

“செத்துப்போன காளைக்கு இன்னும் எத்தனை வருசம் நைட்ரஜன் ஊத்துறது, மேடம்? கொட்டிருங்க.”

“செத்தது காளைதான் பூவராகன். அதோட வித்து இன்னும்...”

“சேர்க்கறதுக்கு அந்த இனத்துல பசுவே இல்லையே!”

“கிடைக்காமலா போகும்? இதைப் பாருங்க!”

ஓய்வு பெறும் நாளில் டாக்டர் சுலோசனா, திரவ நைட்ரஜன் கலனுக்குள்ளிருந்து உறைவிந்துக் குச்சிகளைக் குவளையோடு தூக்கிப் புதுத் துறைத்தலைவர் பூவராகனிடம் காட்டினார். அவருடைய ஆராய்ச்சியில் மிஞ்சியது அதுதான். சில விநாடிக்குமேல் வெளிக்காற்று பட்டால் வித்து செத்துவிடும் என்று பாடம் நடத்தியவர், குவளை பிடித்த கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பூவராகனும் விடவில்லை. குளிர்ப்புகை அடங்கியது. குவளையில் பூத்திருந்த பனி உருகி சுலோசனாவின் முழங்கை வரை வழிந்தது. பூவராகன் அந்த ஈரத்தைப் பார்த்தார்; பிறகு கைக்கடிகாரத்தை.

“வாங்கி உள்ள வைங்களேன், பூவராகன். கை வலிக்குது.”