சுவரோரச் சிலுவை

கல்லறைத் திருநாளின் மாலை வெயில் திராட்சைப் பந்தல்களைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்தின் கடைசிச் சுவர்வரை வந்து கிடக்கிறது. அந்தச் சுவரோரம் தனியாக நிற்கும் சிலுவையின் முன்னால் சவரிமுத்து நிற்கிறார். அவருக்கு அறுபத்து மூன்று வயது. சிலுவையில் 'அருளானந்தம், 1994' என்று மட்டும் எழுதியிருக்கிறது. இருவரும் பம்பாயில் ஒரே அறையில் ஏழு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அவர்களைப் போலவே ஆணும் ஆணுமாக வாழ்ந்த நண்பர்களில் ஐந்து பேரை எய்ட்ஸ் கொண்டுபோனது, ஆறாவதாக அருளானந்தத்தை. சாகக் கிடந்தவனைச் சவரிமுத்து ஊருக்குக் கூட்டிவந்தபோது வீட்டார் மாட்டுக் கொட்டகையில்தான் இடம் கொடுத்தார்கள். இப்போது சிலுவைக்கு அந்தப் பக்கம் அவனுடைய தங்கை மதலேனாள் மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்திருக்கிறாள். தீர்த்தச் செம்போடு வரும் புதிய பாதிரியார் சவரிமுத்துவைப் பார்த்து, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார். முப்பது வருடமாகச் சொல்லிவரும் பதிலையே சவரிமுத்து சொல்கிறார்: "கூட்டாளி, சாமி." மதலேனாள் நிமிராமலே தலையை ஆட்டி மறுக்கிறாள். "இல்ல சாமி. எங்கண்ணன் இவுக கூடத்தான் குடும்பமா வாழ்ந்தாக. நாங்க தண்ணிச் சொம்பக்கூட வாசல்லயே வச்சுட்டு ஓடுனோம். இவுகதான் கடேசிவரைக்கும் மடியில போட்டுப் பாத்தாக." உருகிய மெழுகு அவள் விரலில் வழிகிறது, கையை எடுக்கவில்லை. பாதிரியார் சிலுவையின்மேல் தீர்த்தம் தெளிக்கிறார். அடக்கத்தன்று ஊர் பார்க்கிறதே என்று அழாமல் நின்ற சவரிமுத்து, ஈர மண்ணில் உட்கார்ந்து, சிலுவையைக் கட்டிக்கொண்டு, "அருளு, அருளு" என்று வாய்விட்டு அழுகிறார்.