இரண்டு புள்ளிக்குப் பின்னால்

“சத்தம் போடாதே. தூங்குறாரு” என்றாள் மின்னல்.

பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்த்தாள். மூலை மேசையில் பூதக்கண்ணாடி, மோவாய் நெஞ்சில் படியக் குனிந்திருந்தார். துளி அசைவில்லை.

இரண்டுமே அலுவலகம் வைத்த பெயர்கள்தான். வேலையைப் பறந்து பறந்து முடிப்பதால் அவள் மின்னல். அவள் முடித்ததைத் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்ப்பதால் அவர் பூதக்கண்ணாடி.

கணினி தன் வட்டில் கோப்புகளை எப்படி அடுக்கிவைக்கிறது என்று விளக்கும் பழைய குறிப்புகள் அங்கே மலைபோல் கிடந்தன. எல்லாம் மொட்டை எழுத்து. எது தலைப்பு, எது அட்டவணை, எது கட்டளை என்று ஒவ்வொன்றுக்கும் குறியீடு போட்டு, இணையப் பக்கமாக வரும்படி மாற்றுவது மின்னலின் வேலை. குறியீடு தவிர ஒரு சொல் கூடக்கூடாது, குறையக்கூடாது.

“மூணு மாசமா ஒரு கோப்பையாவது தப்புன்னு திருப்பி அனுப்பியிருக்காரா? படிச்சாத்தானே அனுப்புறதுக்கு. இவருக்குப் பிரிவுத் தலைவர் பதவி வேற.”

“இன்னும் குடுக்கலையேடி.”

வெள்ளிக்கிழமை அறிவிப்பதாக மேலாளர் அம்மா சொல்லியிருந்தார். கூடவே, “வேகத்தைப் பார்த்துக் குடுக்க மாட்டேன். வரிக்கு வரி படிக்கிறவங்களுக்குத்தான்” என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பதவிக்காக மின்னல் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள்.

அவள் விரல்களைச் சொடுக்கிக்கொண்டாள். முடித்து வைத்திருந்த கோப்பின் நடுவே இரண்டு புள்ளி வைத்து, ஒரு வரியைத் தட்டினாள். அப்படிப் புள்ளி வைத்துத் தொடங்கும் வரி இணையப் பக்கத்தில் தெரியாது. கோப்பையே திறந்து படிப்பவர் கண்ணுக்கு மட்டும்தான் படும்.

தோழி படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அடிப்பாவி. அவர் பார்த்துட்டா?”

“பார்த்தா எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவாரு. வரலேன்னா மாட்டிக்கிட்டாரு.”

கோப்பு திரும்பி வரவில்லை. சாயங்காலமே ‘சரி’ என்று ஒப்புதல் வந்துவிட்டது. மின்னல் வழக்கம்போல் இணையப் பக்கத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. முடித்த கோப்பை மறுபடி திறக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மறுநாள் பூதக்கண்ணாடி கையில் ஒரு தலையணையோடு வந்தார். நாற்காலியில் முதுகுக்கு அண்டக்கொடுத்து, சுகமாகச் சாய்ந்து பார்த்துக்கொண்டார்.

“என்ன சார், வீட்டம்மா குடுத்துவிட்டாங்களா?” என்றாள் மின்னல், முகத்தைப் பச்சைக்குழந்தைபோல் வைத்துக்கொண்டு.

“இல்லம்மா. வேண்டியவங்க ஒருத்தங்க வாங்கச் சொன்னாங்க. நல்ல யோசனையாத்தான் இருக்கு.”

“துணிச்சலைப் பாரேன், நாளைக்குப் போர்வையோட வருவாரு” என்று தோழியிடம் கிசுகிசுத்தாள். தோழி தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். பூதக்கண்ணாடி உட்காருவதற்குள் மின்னல் முந்திக்கொண்டாள்.

“மேடம், நீங்க அறிவிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு காட்டணும். சார் கோப்பைத் திறக்கிறதே இல்ல. இணையப் பக்கம் அழகா இருக்கான்னு பார்த்துட்டுச் சரி போட்டுடறார்.”

“அது தப்பாச்சே” என்றார் மேலாளர். “பெரிய திரையில போடும்மா, பார்ப்போம்.”

பூதக்கண்ணாடி நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

சுவர்த்திரையில் கோப்பு விரிந்தது. மின்னல் நிமிர்ந்து நின்று, தான் எழுதிய வரியைத் தானே உரக்கப் படித்தாள்.

“‘இதைச் சரிபார்ப்பவர் இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். யாராவது அவரை ஒரு தலையணை வாங்கச் சொல்லவும்.’”

படித்த வேகத்தில் கண் அடுத்த வரிக்கும் போய்விட்டது. அதுவும் இரண்டு புள்ளியில்தான் தொடங்கியது.

‘வாங்கிவிட்டேன், நீல நிறம். மேலே அட்டவணையில் ஒரு வரிசை விட்டுப்போயிருந்தது. வழக்கம்போல் நானே சேர்த்துவிட்டேன். — சரிபார்ப்பவர்.’

அதற்குக் கீழே, ‘மன்னிச்சுக்கோடி, சிரிப்பை அடக்க முடியலை. — பக்கத்து மேசை.’

அதற்கும் கீழே, ‘நானும் சாய்ந்து பார்த்தேன். மெத்தென்று இருக்கிறது. — மேலாளர்.’

கணக்குப் பிரிவு, வரவேற்பு மேசை, வாசல் காவலர் என்று திரையின் அடிவரை புள்ளி வைத்த வரிகள் இறங்கிக்கொண்டே போயின.

மின்னல் திரையிலிருந்து திரும்பினாள். “மேடம்… இதெல்லாம் எப்போ…”

மேலாளர் பதவி உத்தரவைப் பூதக்கண்ணாடியின் பக்கமாக நகர்த்தினார்.

“ஆபீஸ்ல எல்லாரும் படிச்சாச்சு. நீதாம்மா பாக்கி.”