இடப்பக்கம் திரும்பாத கழுத்து

"டாக்டரையே பாத்துடறேன் சார். பெரிய ஆஸ்பத்திரியில மறுவாழ்வு மருத்துவர் ஒருத்தர் இருக்காராம்."

"மறுவாழ்வா? அது குடிகாரங்களுக்கு இல்ல?" என்றார் மேனேஜர்.

"கழுத்து, முதுகுக்கும் அவங்கதான் சார்," என்றான் வீட்டு பிளான் வரைபவன். கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்ததால், ஆளே மொத்தமாகத் திரும்பித்தான் பேச வேண்டியிருந்தது.

சுவரைப் பார்த்துப் போட்ட இரண்டு மேசைகளில் வலது மேசை அவனுடையது. இடது மேசையில் எஸ்டிமேட் போடுகிறவள். அந்த ஆபீசில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

"கை மரத்துப் போகுதா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க."

"பிடிச்ச பொருள் நழுவுதா?"

"இல்லை."

"எங்கயாவது விழுந்தீங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க."

"அப்ப டாக்டர் எதுக்கு? நேரா பிசியோதெரபிஸ்ட்கிட்ட போங்க. தெருமுனையிலயே ஒரு அம்மா இருக்காங்க. எப்படி உக்கார்றீங்க, எந்தப் பக்கம் அடிக்கடி திரும்பறீங்கன்னு துருவித் துருவிக் கேட்டு, வலி எதனால வந்துச்சுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

அவன் பயந்ததே அந்தத் துருவலுக்குத்தான். டாக்டரென்றால் ஸ்கேன், மாத்திரை என்று போய்விடும். இந்த அம்மாவிடம் போனால் குட்டு உடைந்துவிடும். ஒரு வருஷமாக அவன் கம்ப்யூட்டரைப் பார்த்ததைவிட இடப்பக்கம் அவளைப் பார்த்ததுதான் அதிகம். மேசையை வேறு பக்கம் போடு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், அதைப் பொறுக்க முடியாது.

"டாக்டர்தாங்க. முடிவு பண்ணிட்டேன்," என்றான் அழுத்தந்திருத்தமாக.

மேனேஜருக்குப் போன் வந்து அவர் எழுந்து போனார். அவள் நாற்காலியை அவன் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"மேசையை மாத்தச் சொல்லிடுவாங்கன்னு பயமா?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சொல்லத்தான் செய்வாங்க. ஆனா நம்மளக் கட்டாயப்படுத்த மாட்டாங்க," என்றாள் அவள். "நான் ரெண்டு மாசமா அவங்ககிட்டதான் போயிட்டிருக்கேன்."

"உங்களுக்கும் கழுத்து வலியா? சொல்லவே இல்லையே."

"எனக்கு வலப்பக்கம்," என்றாள் நிதானமாக. "அவங்க எத்தனை தடவை சொல்லியும் நான் இன்னும் மேசையை மாத்தலை."