சிவப்பு விளக்கின் மேல் சந்தனம்

நம்பினால் நம்புங்கள். திருமேனியின் போட்டோ ஸ்டூடியோவில், ஒரே கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மூன்று ஹார்டு டிஸ்க் சகோதரர்கள் ஊர்க் கல்யாணப் படங்களையெல்லாம் சுமந்தார்கள். ஒருவன் செத்தால் மற்ற இருவரும் ஈடுகட்டுவார்கள். இன்னொருவனும் போனால் எல்லாம் போச்சு.

மூத்தவன் செத்தான். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயுத பூஜையன்று திருமேனி அந்த விளக்கின் மேலேயே சந்தனத்தை அப்பினார்.

"செத்தவன் நெத்தியில பொட்டு வைக்கிறான் பாருடா" என்று நடுவன் கொதித்தான்.

"கத்தாதண்ணே, சூடாயிடுவே" என்றான் இளையவன்.

"அவன் சுமையும் நம்ம தலையில. நாம தாங்குறதாலதானே இவனுக்கு எதுவும் தெரியல?"

கோபத்தில் நடுவன் கடகடவென்று இரைந்தான். திருமேனி பெட்டியைத் தட்டிக்கொடுத்து வாடிக்கையாளரிடம் சொன்னார்: "கேட்டீங்களா? மூணு பேரும் என்னமா உழைக்கிறாங்க."

மூணு பேரும் என்றதும் நடுவனும் அப்படியே ஓட்டம் நின்று செத்துப்போனான். எங்கள் ஊரில் யாருக்கும் கல்யாணம் ஆனதற்கு இன்றுவரை சாட்சியில்லை.