கை இறங்கும் இடம்

மலைக்கோயில் கோபுரத்தில் மட்டும் வெயில் மிச்சம் இருக்கிறது. கீழே பூங்காவில், கம்பத்தில் கட்டிய பஞ்சாயத்து ரேடியோவிலிருந்து வெள்ளைக்காரர்களின் வாத்தியக் கூட்டம் கொட்டுகிறது. அது முடிந்தால்தான் பர்மா யுத்தச் செய்தி. நெசவுக்கார வரதராஜனின் மகன் அங்கே சண்டை போடும் பட்டாளத்தில் இருக்கிறான். பொங்கலுக்குப் பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை. பஜனைக்கு மிருதங்கம் வாசிக்கிற கை சும்மா இருக்குமா? வரதராஜன் தொடையில் தாளம் போட்டுப் பார்க்கிறார். ஒரு நூறு பிடில் ஒன்றாக ஏறுகிறது. இதோ சமம், தாளம் வந்து விழும் இடம் என்று தட்டுகிறார்; அதற்குள் வேகம் தளர்ந்து, எக்காளம் மாதிரி ஏதோ பிளிறி, எல்லாம் வேறெங்கோ ஓடிவிடுகிறது. மறுபடி தட்டுகிறார், மறுபடி தப்புகிறது.

“எப்பங்க முடியும் இது?” மனைவி கோமளவல்லி முந்தானையை முறுக்கிக்கொண்டே கேட்கிறாள்.

“தெரியலயே. இறங்கறாப்பல வந்து வந்து ஏமாத்திக்கினே போவுது.”

“இத்த நிறுத்திட்டு சேதிய போடுங்கப்பா!” கூட்டத்தில் யாரோ கத்துகிறான். பெட்டிக்குள் முரசுகள் உருள்கின்றன. இந்த முறை பிடிபட்டுவிட்டது. வரதராஜன் கையை ஓங்குகிறார். வாத்தியங்கள் சட்டென்று அறுந்து, கரகரப்புக்குள்ளிருந்து ஒரு குரல் “செய்திகள்” என்கிறது.

ஓங்கிய கையை வரதராஜன் இறக்கவில்லை.